குழந்தைக்கு அரண் குடும்பமும் அயலும்

விளக்கேற்றும் வேளையில் ஒரு வீட்டிலிருந்து குழந்தையொன்றின் அழுகுரல் எழுகின்றது. அடி விழும் ஓசையும் உடன் கேட்கின்றது. அடுத்த வீட்டார் ஒரு கணம் செவிசாய்க்கின்றனர். பின்னர், "அது அவர்கள் வீட்டு விவகாரம், நமக்கேன் வீண் வம்பு?" என்று சொல்லிக்கொண்டு தத்தம் வேலையில் ஈடுபடுகின்றனர். யாழ்ப்பாணத்து ஒழுங்கையிலும், மட்டக்களப்பின் படுவான்கரையிலும், மலையகத்துத் தோட்ட லயங்களிலும், கொழும்பு மாநகரின் நெருக்கமான குடியிருப்புகளிலும் நிகழக்கூடிய காட்சி இது.

"ஊர்வாயை மூட உலைமூடி இல்லை" என்பது பழமொழி. கடன்பட்டவனைப் பற்றியும், கலியாணம் தடைப்பட்ட வீட்டைப் பற்றியும் ஓயாது பேசுகின்ற அந்த வாய், ஒரு குழந்தை துன்புறும்பொழுது மாத்திரம் தானாகவே மூடிக்கொள்வது ஏன்? அந்த வாயை நல்வழியில் திறப்பது எங்ஙனம்? இப்பேச்சு ஆராயப் புகுவது இவ்விரு வினாக்களையுமே.

முதலிற் சிறுவர் துன்புறுத்தல் என்பது யாது என்று தெளிதல் வேண்டும். அதனை நான்கு வகையாகப் பிரித்துக் கூறுவர். உடலை அடித்தும் சுட்டும் வருத்துவது ஒன்று. இழிசொல்லாலும் அச்சுறுத்தலாலும் மனத்தை வருத்துவது மற்றொன்று. பாலியல் முறையில் தீங்கு செய்வது மூன்றாவது. உணவு, உடை, மருந்து, கல்வி, மேற்பார்வை ஆகியவற்றை அளிக்காது கைவிடுவது நான்காவது. இந்நான்கனுள் முதலாவது தழும்பாகத் தெரியும். ஏனைய மூன்றும் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியா. ஆயினும் அவற்றின் வடு நெடுநாள் நிற்பது. அமெரிக்காவிலே 9,500க்கு மேற்பட்ட வளர்ந்தோரிடம் நடத்தப்பட்டு 1998ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சியொன்று, இளமையிற் பலவகைத் துன்பங்களுக்கு ஆளானோர் பிற்காலத்திற் குடிப்பழக்கத்துக்கும், மனச்சோர்வுக்கும், இருதய நோய்க்குங்கூட மற்றவர்களிலும் மிகுதியாக இலக்காயினர் எனக் காட்டிற்று. ஐந்து வயதிலே பட்ட அடி ஐம்பது வயதிலும் பேசுகின்றது.

இது எங்கோ சில கொடியவர்களின் வீட்டில் மாத்திரம் நடப்பதென்று எண்ணுவது தவறு. உலகில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் பத்தில் அறுவர், அதாவது ஏறக்குறைய 40 கோடிப் பேர், தம் வீட்டிலேயே அடியையோ கடுஞ்சொல்லையோ வழக்கமாகப் பெற்று வருகின்றனர் என ஐக்கிய நாடுகளின் சிறுவர் நிதியம் 2024ஆம் ஆண்டில் அறிவித்தது.

நேயர்கள் ஒரு கற்பனைக் குடும்பத்தை மனக்கண்முன் நிறுத்திக்கொள்ளலாம். எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி. தாய் மத்திய கிழக்கு நாடொன்றில் வீட்டுப் பணிப்பெண்ணாக இருக்கின்றாள். தந்தை நல்லவன்தான், ஆனால் வேலை நின்ற நாளிலிருந்து சாராயத்தின் வசப்பட்டுவிட்டான். வீட்டிலிருக்கும் அம்மம்மாவுக்குக் கண்பார்வை குன்றிவிட்டது. சிறுமி வகுப்பறையில் அடிக்கடி தூங்கி விழுவதை ஆசிரியை கண்டாள்; சோம்பல் எனக் கருதினாள். இருட்டிய பின்னர் அவள் தனியாக வந்து கடனுக்குச் சுருட்டு வாங்கிச் செல்வதைக் கடைக்காரர் கண்டார், கணக்கை எழுதிக்கொண்டார். அயல்வீட்டுக்கு வந்த மருத்துவமாது அவளுடைய கையிலே தீக்காயத் தழும்பொன்றைக் கண்டாள், நேரமின்மையாற் போய்விட்டாள். அழுகுரலை அடுத்த வீட்டுப் பெண் கேட்டாள், கதவைச் சாத்திக்கொண்டாள்.

இவர்களுள் எவரும் கெட்டவரல்லர். ஒவ்வொருவரும் உண்மையின் ஒரு துண்டைக் கண்டனர். துண்டுகளை ஒன்றுசேர்த்து முழு உருவத்தை எவரும் காணவில்லை. நால்வருள் இருவராயினும் ஒருவரோடொருவர் பேசியிருப்பின் அச்சிறுமியின் கதை வேறாயிருக்கும். குழந்தைகளைக் காப்பதிலே சமூகம் தோற்கும் இடம் பெரும்பாலும் இதுவே. அன்பின் குறையினால் அன்று, தொடர்பின் குறையினாலேயே அது தோற்கின்றது.

இனி, அத்தந்தையை நோக்குவோம். அவனைச் சிறையில் அடைத்தல் ஒன்றே பரிகாரம் என்று சிலர் கூறுவர். பெருந்தீங்கு செய்தவன் சட்டத்தின் முன் நிற்கவேண்டியவனே. ஆனால் தீங்கு நேர்ந்தபின் தண்டிப்பது ஒன்று; நேராது தடுப்பது வேறொன்று. வறுமை, வேலையின்மை, மதுப்பழக்கம், கணவன் மனைவி பிணக்கு, தனிமை, தான் சிறுவயதிற் பட்ட அடி ஆகியவை ஒரு பெற்றாரை மெல்ல மெல்ல விளிம்புக்குத் தள்ளுகின்றன. இவை உள்ள வீடுகள் யாவும் குழந்தையைத் துன்புறுத்தும் வீடுகள் அல்ல. வறியவராயினும் கண்ணினும் இனிதாய்ப் பிள்ளையைப் பேணுவோர் எண்ணிறந்தோர். ஆயினும் சுமை மிகும்போது தோள் கொடுப்பார் இல்லையெனில் அச்சுமை வீட்டில் மிகச் சிறியவரின் தலையிலேயே இறங்கும். ஆகவே பெற்றாருக்குச் செய்யும் உதவி பிள்ளைக்குச் செய்யும் பாதுகாப்பாகும்.

இக்கூற்றுக்குச் சான்று உண்டு. அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்து எல்மைரா என்னும் சிறு நகரிலே 1977ஆம் ஆண்டில் டேவிட் ஓல்ட்ஸ் என்னும் அறிஞர் ஒரு சோதனையைத் தொடங்கினார். முதற் குழந்தையைக் கருவுற்றிருந்த 400 தாய்மார், பெரும்பாலும் இளம்வயதினரும் வறியோரும், அதிற் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் ஒரு பகுதியினரின் வீடுகளுக்குப் பயிற்சிபெற்ற தாதியர் கருக்காலத்திலிருந்து குழந்தைக்கு இரண்டு வயது நிறையும் வரை ஒழுங்காகச் சென்று, உணவு, உடல்நலம், குழந்தையின் அழுகையை விளங்கிக்கொள்ளும் முறை, தாயின் கல்வி, தொழில் ஆகியன பற்றி நட்போடு உரையாடினர். பதினைந்து ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, அங்ஙனம் தாதியர் சென்றுவந்த குடும்பங்களிற் சிறுவர் துன்புறுத்தலும் புறக்கணிப்பும் உறுதிசெய்யப்பட்ட முறைப்பாடுகள் ஏனைய குடும்பங்களைவிட 48 சதவீதம் குறைவாயிருந்தன. அம்முடிபு 1997ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது.

அந்நாட்டார் புதிதாய் அமைத்துப் பார்த்த அம்முறையின் அடிப்படை இலங்கைக்குப் புதியதன்று. 1926ஆம் ஆண்டிற் களுத்துறையிலே முதலாவது சுகாதாரப் பகுதி அமைக்கப்பட்ட காலந்தொட்டு, வீடு தேடிச் செல்லும் மருத்துவமாது இந்நாட்டின் செல்வமாக விளங்கி வருகின்றாள். கர்ப்பிணித் தாயை அவள் அறிவாள்; பிள்ளை பிறந்த முதற் பத்து நாட்களுக்குள்ளேயே படியேறி வருகின்றாள். எந்த வீட்டிலே அடுப்பு எரியவில்லை, எந்த இளந்தாய் பேசாது சுவரைப் பார்த்திருக்கின்றாள் என்பனவெல்லாம் அவளுக்குத் தெரியும். அவளைக் குழந்தையின் நிறையை அளப்பவளாக மாத்திரம் கொள்ளாது, "அம்மா, என்னால் முடியவில்லை, கோபம் வருகின்றது" என்று தாயொருத்தி மனந்திறந்து கூறத்தக்க தோழியாகக் கொள்வது குடும்பங்களுக்குப் பெருநன்மை பயக்கும்.

ஆயினும் எல்மைராச் சோதனை வேறோர் உண்மையையும் உணர்த்திற்று. கணவன் மனைவியை இடையறாது தாக்கும் வீடுகளிலே, தாதியரின் வருகை குழந்தைகளைக் காக்கும் ஆற்றலைப் பெரிதும் இழந்துவிட்டது. தாயின் கன்னத்தில் விழும் அடியும் குழந்தையின் மேல் விழும் அடியும் வெவ்வேறானவை அல்ல. ஆதலின் தாயைக் காவாது பிள்ளையைக் காக்க இயலாது. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ், அடிபடும் மனைவி நீதவான் நீதிமன்றத்திற் பாதுகாப்புக் கட்டளை பெறலாம். இவ்வுரிமையை அறியாத பெண்களுக்கு அதனை எடுத்துரைப்பது மாதர் சங்கங்களின் கடமையாகும்.

அடுத்து, அடித்து வளர்த்தல் என்னும் பழக்கத்தை ஆராய்தல் தகும். "அடியாத மாடு படியாது" என்றும், "முருங்கையை ஒடித்து வளர், பிள்ளையை அடித்து வளர்" என்றும் பெரியோர் சொல்வதுண்டு. முருங்கை ஒடித்தாற் தழைக்கும் என்பது உண்மை. ஆனால் மனம் ஒடிந்த பிள்ளை தழைப்பதில்லை. பொய் சொல்லவும் மறைக்கவும், தன்னிலும் எளியவனை அடிக்கவும் கற்றுக்கொள்கின்றது. கண்டிப்பு வேண்டாமென்று எவரும் கூறார். வீட்டுக்கு ஒழுங்கு வேண்டும். மீறினால் விளைவும் வேண்டும். விளையாட்டு நேரத்தைக் குறைத்தல், கெடுத்ததைத் தானே திருத்தச் செய்தல், நன்றாகச் செய்தபோது வாய்விட்டுப் பாராட்டுதல் ஆகியன அடியிலும் வலியவை. கோபம் மூளும் கணத்திலே முற்றத்துக்கு இறங்கிப் பத்து வரை எண்ணிவிட்டு உள்ளே வரும் தந்தை கோழையல்லன், அவனே வீரன்.

சுவீடன் நாடு 1979ஆம் ஆண்டிற் பிள்ளைகளை அடித்தலை உலகில் முதன்முதலாகச் சட்டத்தால் விலக்கிற்று. அச்சட்டத்தை மக்களிடம் கொண்டுசெல்வதற்குப் பாற் பொதிகளிலே கூட அதன் செய்தி அச்சிடப்பட்டது. காலையுணவின்போது பெற்றாரும் பிள்ளைகளும் ஒருங்கே வாசித்தனர். இலங்கையிலும் கல்வி அமைச்சின் 2005ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை பாடசாலைகளில் உடற்தண்டனையை விலக்கியது. அதே ஆண்டில் 23ஆம் இலக்கச் சட்டம் நீதிமன்றங்கள் குற்றவாளிகளுக்கு விதித்துவந்த கசையடியை ஒழித்தது. திருடனின் முதுகுக்குக் கிடைத்த பாதுகாப்பு, வாய்ப்பாட்டை மறந்த பிள்ளையின் முதுகுக்கு வேண்டாமா?

பாலியற் தீங்கைப் பற்றி வாய்திறக்கக் கூசுவது தமிழர் வழக்கம். அக்கூச்சமே தீயோர்க்குத் திரையாகின்றது. குழந்தைக்கு இத்தீங்கைச் செய்பவர் பெரும்பாலும் இருட்டிலிருந்து பாயும் அந்நியர் அல்லர். குழந்தையும் குடும்பமும் நம்பிப் பழகிய ஒருவரே. வேலியே பயிரை மேய்வதாகிய நிலை இது. ஆகவே உறவினர், ஆசிரியர், பெரியவர் என்ற பெயர் ஒன்றே எவருக்கும் நற்சான்றாகாது. தன் உடல் தன்னுடையது என்பதையும், தனக்குப் பிடிக்காத தொடுகையை எவராயினும் மறுக்கலாம் என்பதையும், "அம்மாவிடம் சொல்லாதே" என்று பெரியவர் ஒருவர் கூறினால் அதனைக் கட்டாயம் சொல்லவேண்டும் என்பதையும் சிறுவயதிலேயே எளிய சொற்களாற் கற்பித்தல் வேண்டும். "மாமாவுக்கு முத்தம் கொடு" என்று விரும்பாத பிள்ளையை வற்புறுத்தும் வழக்கத்தையும் கைவிடல் நன்று. ஆண்பிள்ளைகளுக்கு இத்தீங்கு நேராது என்று எண்ணி வாளாவிருப்பதும் பெருந்தவறு.

பிள்ளை வந்து சொல்லும்போது கேட்பவர் நடந்துகொள்ளும் முறையிலேயே எல்லாம் தங்கியிருக்கின்றது. பதறுதலும், ஏசுதலும், "நீ ஏன் அங்கே போனாய்?" என்று வினவுதலும் அதன் வாயை என்றென்றைக்கும் அடைத்துவிடும். பொறுமையாகக் கேட்டல் வேண்டும். "சொன்னது நல்லது, இது உன் பிழையன்று" என்று தேற்றுதல் வேண்டும். திரும்பத் திரும்பத் துருவிக் கேளாது, அது சொன்னதைச் சொன்னபடியே குறித்துக்கொண்டு, உரிய அதிகாரிகளிடம் செல்லல் வேண்டும். சிறுவர் தம் துயரைப் பலமுறை சொல்லி வருந்தாமற் காக்கும் பொருட்டே, அவர்களுடைய முதல் வாக்குமூலத்தைக் காணொளியிற் பதிந்து சான்றாகக் கொள்ள 1999ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சட்டம் இடமளித்தது.

ஊர்ப் பெரியோர் சிலர் இத்தகைய வேளைகளிற் "குடும்ப மானம்" எனக் கூறி, பணத்தாலோ திருமணப் பேச்சாலோ விடயத்தை முடித்துவைக்க முயல்வதுண்டு. அது சமாதானமன்று, குழந்தையை விற்பதாகும். மானம் இழந்தவன் தீங்கு செய்தவனேயன்றிக் குழந்தையன்று.

சட்டம் இந்நாட்டிலே வலுவற்றதன்று. 1939ஆம் ஆண்டின் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம் பழைய அடித்தளம். சிறுவர் உரிமைகள் பற்றிய சமவாயத்தை இலங்கை 1991ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்டது. 1995ஆம் ஆண்டில் தண்டனைச் சட்டக்கோவை திருத்தப்பட்டு, தன் பொறுப்பிலுள்ள பதினெட்டு வயதுக்குட்பட்ட ஒருவரை வேண்டுமென்றே தாக்குதல், கொடுமை செய்தல், கைவிடுதல் ஆகியவற்றுக்கு இரண்டு முதற் பத்து ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தாற் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை நிறுவப்பட்டது. 2021ஆம் ஆண்டில் வேலைக்கமர்த்தக்கூடிய ஆகக் குறைந்த வயது பதினான்கிலிருந்து பதினாறாக உயர்த்தப்பட்டது. மலையகத்துப் பிள்ளைகளை நகரத்து வீடுகளுக்கு வேலைக்கு அனுப்பும் தரகர்களுக்கும், அவர்களை வைத்திருப்போர்க்கும் இது ஓர் எச்சரிக்கை.

ஆனால் சட்டம் தானாக ஒரு வீட்டுக் கதவைத் தட்டாது. அதற்கு வழிகாட்டும் கை ஊரிலிருந்தே நீளவேண்டும். சந்தேகம் எழுந்தவுடன், அதனை நிரூபிக்கும் பொறுப்பு அயலவருக்கு இல்லை. அறிவிக்கும் பொறுப்பே உண்டு. 1929 என்னும் தொலைபேசி இலக்கத்தில் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்கு எவரும் அறிவிக்கலாம். நன்னடத்தை உத்தியோகத்தர், பிரதேச செயலகத்துச் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர், பொலிஸ் நிலையத்துச் சிறுவர் பெண்கள் பிரிவினர் ஆகியோரையும் நாடலாம்.

அயலின் கடமை அறிவிப்பதோடு முடிவதன்று. அதற்கு முன்னரே தொடங்குவது. பசிபிக் சமுத்திரத்து ஹவாய்த் தீவுகளுள் ஒன்றான கவாயிலே, 1955ஆம் ஆண்டிற் பிறந்த 698 குழந்தைகளை எமி வேர்னர் என்னும் பெண்ணறிஞரும் அவர்தம் குழுவினரும் நாற்பது வயது வரை தொடர்ந்து கவனித்தனர். அக்குழந்தைகளுள் மூன்றிலொரு பங்கினர் வறுமை, பிணக்கு, பெற்றாரின் மது அல்லது மனநோய் போன்ற பல இடர்கள் நிறைந்த வீடுகளிற் பிறந்தோர். அவர்கள் யாவரும் கெட்டழிவர் என்றே எவரும் எண்ணுவர். ஆனால் அவர்களுள்ளும் மூன்றிலொருவர் திறமையும் அன்பும் மிக்க மக்களாய் வளர்ந்தனர். அவர்களுக்கு வாய்த்த பேறுகளுள் முதன்மையானது யாதெனில், தம்மீது நிலையான அக்கறை கொண்ட ஒரு வளர்ந்தவரேனும் வாழ்விலே இருந்தமையாகும். சிலருக்கு அது பாட்டி; சிலருக்கு மூத்த சகோதரி; சிலருக்கு ஓர் ஆசிரியர் அல்லது அயலவர். தேயிலையும் தென்னையும் போலக் கரும்பும் அன்னாசியும் விளைந்த தோட்டங்களில் உழைத்த மக்கள் வாழ்ந்த தீவு அது. அதன் பாடம் இந்தத் தீவுக்கும் பொருந்தும்.

அந்த ஒருவராய் இருப்பதற்குப் பெருஞ்செல்வமோ பட்டமோ வேண்டியதில்லை. வெளிநாடு செல்லும் தாய், பிள்ளையை யார் பொறுப்பில் விடுகின்றாள் என்பதை வகுப்பாசிரியருக்கும் மருத்துவமாதுக்கும் சொல்லிச் செல்லலாம்; அவளைப் பழிப்பதை விடுத்து அவள் பிள்ளையின் கொப்பியை அயல்வீட்டுப் பெண் பார்க்கலாம். சனசமூக நிலையமும் வாசிகசாலையும் மாலை வேளையிற் பிள்ளைகள் விளக்கொளியிற் படிக்கவும் விளையாடவும் இடமளிக்கலாம். தோட்டங்களிலே தாய் கொழுந்து பறிக்கச் செல்லும் வேளையிற் பிள்ளை மடுவம் சீராக நடப்பின், பச்சிளங் குழந்தை மற்றொரு சிறுபிள்ளையின் காவலில் விடப்படாது. குடியை நிறுத்த விரும்பும் தந்தைக்கு மருத்துவமனைக்குத் துணையாக ஒரு நண்பன் செல்லலாம். 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை பெற்றாரைக் கொண்டுபோனபோது, அநாதையான பிள்ளைகளுட் பெரும்பாலோரை அணைத்தெடுத்தவர்கள் உறவினரே. அந்த நெஞ்சம் பேரழிவு நாளுக்கு மாத்திரம் உரியதாகாமல் அன்றாட வாழ்வுக்கும் உரியதாதல் வேண்டும்.

மீண்டும் அந்தச் சிறுமியிடம் வருவோம். வகுப்பிலே தூங்கியவளை ஆசிரியை தனியே அழைத்து, "இரவு நித்திரை இல்லையா, பிள்ளை?" என்று கேட்டிருக்கலாம். அக்கேள்வியோடு ஆசிரியை மருத்துவமாதிடம் சென்றிருக்கலாம். கடைக்காரர், "இருட்டில் நீ வரவேண்டாம், அப்பாவை வரச்சொல்" என்று கூறி, வந்த தந்தையோடு பத்து நிமிடம் அமர்ந்து பேசியிருக்கலாம். அடுத்த வீட்டுப் பெண் கதவைச் சாத்துவதற்குப் பதிலாக விளக்கை எடுத்துக்கொண்டு வேலியருகே வந்து, "என்ன சத்தம் தம்பி? பிள்ளையை இங்கே விடுங்கள், நான் சோறு கொடுக்கிறேன்" என்று குரல் கொடுத்திருக்கலாம். ஓங்கிய கை அந்த ஒரு குரலிலே தாழ்ந்திருக்கவுங் கூடும். தாழாதிருப்பின், தொலைபேசி அருகிலேயே இருக்கின்றது.

அடுத்த முறை அந்தி வேளையில் அழுகுரல் கேட்கும்பொழுது, அது எவர் வீட்டு விவகாரம் என்று ஆராய்வதற்குமுன், அது எவருடைய குழந்தை என்று ஊர் தன்னையே கேட்டுக்கொள்ளட்டும். அது ஊரின் குழந்தை.